பூந்தொட்டி கவிழ்த்த ராஜ்யம்

ராஜ்யங்கள் கவிழ்ந்ததற்குச் சரித்திர ஆசிரியர்கள் பெரிய பெரிய காரணங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். பஞ்சம், படையெடுப்பு, பட்டத்துக்காக அண்ணன் தம்பி வெட்டுக்குத்து. எயோர்சியா என்ற ராஜ்யம் கவிழ்ந்ததில் ஒரு பூந்தொட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. மூலையில் சும்மா வைத்த அலங்காரத் தொட்டி. யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அது பாட்டுக்கு கஜானாவைக் காலி செய்துகொண்டிருந்தது.

நல்ல கதையுள்ள ஆன்லைன் கேம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது, அந்த எயோர்சியாவைக் களமாகக் கொண்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’. சொன்ன கையோடு அதன் ஸ்தல புராணத்தையும் சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் நெளிவார்கள், விடமாட்டேன். அந்தக் கேமுக்குள் நிகழும் முதல் பிரளயத்துக்கான உத்தரவு டோக்கியோவில் ஓர் ஆபீஸில்தான் தயாரானது. அது தெரியாமல் உள்ளே போனால் பாதி ரசம் போய்விடும்.

ஸ்கொயர் என்ற ஜப்பானியக் கம்பெனி 1987-இல் ஃபைனல் ஃபேன்டஸி வரிசையைத் தொடங்கியது. 2003-இல் எனிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆனது. இடையில் 2002-இல் வந்த பதினோராம் பாகம்தான் வரிசையின் முதல் ஆன்லைன் கேம். மாதாமாதம் சந்தா. காசு கொட்டியது. மொத்த வரிசையிலும் அதிக லாபம் தந்தது அதுதான் என்று கம்பெனித் தலைவர் யோய்ச்சி வாடாவே பின்னாளில் சொன்னார். காசு காய்ச்ச மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கன்று நட ஆசை வருவது இயற்கை. 2009 ஜூனில் அமெரிக்காவில் நடந்த இ3 கண்காட்சியில், பதின்மூன்றாம் பாகமே கடைக்கு வராத நேரத்தில், பதினான்காம் பாகத்தை அறிவித்தார்கள். பதினோராம் பாகத்தைப் பார்த்துக்கொண்ட ஹிரோமிச்சி தனாகாவே இதற்கும் தயாரிப்பாளர். ஜெயித்த கை, ராசியான ஆள். ஜாதகப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

2010 செப்டம்பர் 30 அன்று கேம் வெளிவந்தது.

படம் பிரமாதம். முதல் காட்சியில் கப்பல், கடல், பறவை எல்லாம் கண்ணைப் பறிக்கும். கரை இறங்கிய பிறகுதான் கஷ்டகாலம். ஒரு மெனுவைத் திறந்தால் அது சர்வரிடம் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வரும். வருவதற்குள் எதற்காகத் திறந்தோம் என்பது மறந்துவிடும். காட்டுக்குள் நடந்தால் ஒரே குன்றும் ஒரே வளைவும் ஒரே பாறையும் திரும்பத் திரும்ப வரும். நகல் எடுத்து ஒட்டிய நிலம். வழி தவறினாலும் தெரியாது, தவறாவிட்டாலும் தெரியாது.

சந்தையின் லட்சணத்தைக் கேளுங்கள். உங்கள் சரக்கை விற்க ஓர் ஏவலாளை நிறுத்த வேண்டும். உங்களைப் போல ஆயிரம் பேர் ஆளுக்கு ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். எந்த ஆளிடம் எந்தப் பொருள் இருக்கிறது என்று தேட ஒரு வசதியும் கிடையாது. ஒரு கோடரி வேண்டுமென்றால் வரிசையாக நிற்கும் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, மூட்டையைப் பிரித்துப் பார்த்து, இல்லையென்றால் அடுத்தவர். டிராகனை வெட்ட வந்த மாவீரன் நாள் முழுக்க மூட்டை பிரித்துக்கொண்டிருந்தான்.

இத்தனையும் பொறுத்து விளையாடியவர்களுக்குக் கம்பெனி வைத்த பரிசு இன்னும் விசேஷம். ஒரே தொழிலில் ஒரு வாரத்தில் எட்டு மணி நேரம் வரைதான் முழு அனுபவப் புள்ளி. அதற்கு மேல் குறைந்துகொண்டே வரும். பதினைந்து மணி நேரத்தைத் தொட்டால் சுத்தமாக நின்றுவிடும். காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டு, அதிக நேரம் உட்காராதே என்று எழுப்பி விடுகிற கடையை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

இனி பூந்தொட்டிக்கு வருவோம். அது என்ன தப்பு செய்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது 2014-இல், சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில். கேமில் தெரிகிற ஒவ்வொரு பொருளும் பாலிகன் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளால் கட்டப்படுவது. துண்டு கூடினால் அழகு கூடும், கம்ப்யூட்டருக்கு மூச்சும் வாங்கும். விளையாடுகிறவரின் உருவத்துக்கு நிறையத் துண்டு செலவழிக்கலாம், கதாநாயகன் அல்லவா. இவர்கள் அதே செலவை ஒரு பூந்தொட்டிக்கும் செய்திருந்தார்கள். சுமார் 1,000 பாலிகன், அதன் மேல் ஒளியும் நிழலும் விழுவதற்கு 150 வரி ஷேடர் நிரல். ஊரில் பத்துத் தொட்டி இருந்தால் பத்துக் கதாநாயகர்கள் அசையாமல் நிற்கிறார்கள் என்று கணக்கு. அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டுமே! அதற்காக உண்மையான ஆட்டக்காரர்கள் திரையில் தெரிகிற எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பலர் சேர்ந்து விளையாடுவதற்கென்றே பிறந்த கேமில் தொட்டிகளுக்கு முன்னுரிமை, மனிதர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்.

விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 49 வந்தது. நம்மூர்ப் பரீட்சையில் பாஸ்தான். கேம் உலகத்தில் அந்த மார்க்கோடு வீட்டுக்குப் போக முடியாது.

2010 டிசம்பரில் வாடா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சந்தா நிறுத்தி வைக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 3-இல் வரவேண்டிய பதிப்பும் தள்ளிப்போனது. தனாகா பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு, ஃபைனல் ஃபேன்டஸி என்ற பெயருக்கே பெருத்த சேதம் வந்துவிட்டது என்று வாடா வாய்விட்டே சொன்னார். ஒரு கம்பெனித் தலைவர் தன் சரக்கைப் பற்றி இப்படிச் சொன்னால், உள்ளே நிலைமை என்ன என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் நவோகி யோஷிதா வருகிறார். வயது 37. வெளியே பெரிய பெயர் கிடையாது. அதே கம்பெனியின் டிராகன் க்வெஸ்ட் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் இருந்த ஒரே விசேஷத் தகுதி, ஆன்லைன் கேம்களை வெறிபிடித்து விளையாடியவர் என்பது. அல்டிமா ஆன்லைன், எவர்க்வெஸ்ட், டார்க் ஏஜ் ஆஃப் கேம்லாட் என்று ஒன்று விடவில்லை. இதெல்லாம் ஒரு தகுதியா என்று கேட்கக் கூடாது. பழைய குழுவில் பலருக்கு அந்த அனுபவமே இல்லை. அதுவும் தோல்விக்கு ஒரு காரணம் என்று பின்னால் அவரே பட்டியல் போட்டார். அளவு மீறிய பட மோகம், மற்றவர்களின் கேம்களைப் பார்க்காதது, எதுவானாலும் அப்புறம் பேட்ச் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்ற அசட்டு தைரியம். மூன்றும் சேர்ந்தால் பாறையில் மோதுவதற்குத் தனியாக மாலுமி வேண்டியதில்லை.

யோஷிதாவின் முன்னால் இரண்டு வழி. பழைய கேமையே ஒட்டுப்போட்டு ஓட்டலாம். அல்லது மூடிவிட்டுக் கும்பிடு போடலாம். அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார்: பழையதை ஓட்டிக்கொண்டே, என்ஜினிலிருந்து புதிதாக இன்னொரு கேமை அடியோடு கட்டுவது. இருக்கிற வாடகை வீட்டுக்கு மாதாமாதம் வெள்ளையடித்துக்கொண்டே பக்கத்து மனையில் சொந்த வீடு எழுப்புவது போன்ற காரியம். இரண்டுக்கும் அதே கொத்தனார்கள்.

சரி, புது வீடு கட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பழைய உலகத்தை என்ன செய்வது? சும்மா சர்வரை அணைத்துவிட்டு, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வேறு கம்பெனியாக இருந்தால் அதைத்தான் செய்திருக்கும். இவர்கள் உட்கார்ந்து யோசித்து, உலகத்தைக் கதைக்குள்ளேயே கொளுத்திவிடுவது என்று முடிவு கட்டினார்கள்.

எயோர்சியாவின் வானத்தில் டாலமட் என்றொரு சின்னச் சிவப்பு நிலா இருந்தது. எதிரிகளான கார்லியன் பேரரசின் தளபதி ஒருவன் அதைப் பூமிக்கு இழுக்கத் தொடங்குகிறான் என்று கதை போட்டார்கள். பிறகு பேட்சுக்குப் பேட்ச் நிலாவைப் பெரிதாக்கினார்கள். அறிவிப்பு, ஆர்ப்பாட்டம் எதுவுமில்லை. காட்டில் மான் தோல் உரித்துக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால் நேற்றைவிடக் கொஞ்சம் பெரிசாக, கொஞ்சம் சிவப்பாக நிலா. பேட்ச் வரும்போதெல்லாம் இப்படி.

இந்த லட்சணத்தில் 2012 ஜனவரியில் சந்தா வசூலை மறுபடி தொடங்கினார்கள். உலகம் அழியப் போகிறது, சந்தா கட்டுங்கள். இந்த நெஞ்சழுத்தத்தை நான் மெச்சுகிறேன். அதைவிடக் கட்டியவர்களை மெச்சுகிறேன். குறைந்தது மூன்று மாதம் கட்டியவர்களுக்குக் கம்பெனி கைம்மாறு செய்தது: ஆயுசுக்கும் சலுகைக் கட்டணம், உடம்பில் பிரளயத்தைப் பார்த்தவன் என்று காட்டும் பச்சை குத்து, புதிய கேமின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவரவர் பெயர். கப்பல் மூழ்கும்போது டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கல்வெட்டு!

2012 நவம்பர் 11. கடைசி நேரத்தில் நகரங்களுக்குள் அசுரக் கூட்டம் புகுந்தது. ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி, வெல்ல முடியாது என்று தெரிந்தே சண்டை போட்டார்கள். தலைக்கு மேல் வானம் முழுக்க நிலா. சர்வர் அணைந்தது. அதன்பின் ஒரு காணொளி. கார்ட்டனோ சமவெளியில் படைகள் மோதிக்கொண்டிருக்கும்போது நிலா முட்டை ஓடாக வெடிக்கிறது. உள்ளே சிறைவைத்திருந்த பஹாமுட் என்ற டிராகன் வெளியே வந்து கண்ணில் பட்டதையெல்லாம் எரிக்கிறது. லூயிசுவா என்ற கிழவர் மந்திரம் போட்டு அதைக் கட்டப் பார்க்கிறார். கட்டு உடைகிறது. கடைசி மூச்சில், கூட இருந்த வீரர்களை, அதாவது சந்தா கட்டியவர்களை, காலம் தாண்டி ஐந்து வருஷத்துக்கு அப்பால் தள்ளிவிடுகிறார். பின்னணியில் நோபுவோ உவேமட்சு இசையமைத்த ‘ஆன்சர்ஸ்’ பாட்டு. மோசமான கேம் ஒன்றை மூடியதற்கு ஊர் அழுதது அன்றைக்குத்தான்.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கதையில் ஐந்து ஆண்டு, நிஜத்தில் ஒன்பது மாதம். 2013 ஆகஸ்ட் 27 அன்று ‘எ ரியல்ம் ரீபார்ன்’ என்ற பெயரில் அதே உலகம் திரும்ப வந்தது. நகல் எடுத்த குன்றுகள் எங்கே? டிராகன் எரித்துவிட்டது. வரைபடம் ஏன் மாறியிருக்கிறது? பிரளயம். பழைய வீரர்களை ஊர்க்காரர்களுக்கு ஏன் அடையாளம் தெரியவில்லை? அவர்களை நினைத்துப் பார்த்தால் முகம் வருவதில்லை, கண் கூசும் ஒளிக்கு முன்னால் நிழல்தான் வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தொழில்நுட்பக் கோளாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணக் காரணம் கண்டுபிடித்து, அதில் கொஞ்சம் கண்ணீரையும் கலந்துவிட்டார்கள். அரசாங்க இலாகா எதற்கும் இந்தத் திறமை வாய்க்கவில்லை.

திறப்பு விழா சோபிக்கவில்லை. இந்த முறை கூட்டம் தாங்கவில்லை. உள்ளே நுழைய முயன்றவர்களுக்கு 1017 என்ற பிழை எண் மட்டும் தரிசனம் தந்தது. கம்பெனி டிஜிட்டல் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்று வருஷம் முன்னால் இலவசமாகக் கொடுத்தும் ஆள் வராத கடை அது.

இனி சிபாரிசு. முதலிலேயே கசப்பைச் சொல்லிவிடுகிறேன்: ‘ரியல்ம் ரீபார்ன்’ பகுதி மெதுவாகத்தான் போகும். கொத்துக்கறி போடுவதற்குக் கைநிறைய வாளோடு வந்தவரை எடுபிடி வேலைக்கு அனுப்புவார்கள். இதில் சிகரம், டைட்டன் என்ற அசுரனை அழிக்கப் போகும் கட்டம். அவன் ஊரையே விழுங்கக் காத்திருக்கிறான். அவனை முன்பு வென்ற ஒரு பழைய வீரர் குழு கடற்கரையில் ஓய்வெடுக்கிறது. எப்படி வெல்வது என்று கேட்டால், முதலில் விருந்துக்குச் சாமான் கொண்டுவா என்கிறார்கள். மது வேண்டும், அதற்கு ஒரு பயணம். பாலாடைக்கட்டி வேண்டும், அதற்காக ஒரு கோப்லின் இடத்துக்குப் போய் அங்கே புகுந்துவிட்ட டிராகனோடு சண்டை. உலகம் இருக்குமா இருக்காதா என்ற நேரத்தில் நீங்கள் மளிகைப் பட்டியலோடு அலைவீர்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனாக இருந்தவர்களுக்கு இந்தப் பகுதி சிரமமாகத் தெரியாது. 2020 ஆகஸ்டில் கம்பெனியே மனமிரங்கி இந்த முதல் பகுதியில் கணிசமாகக் கத்தரி போட்டது. விருந்து மட்டும் தப்பிவிட்டது. அது இருக்க வேண்டியதுதான் என்பது என் கட்சி.

விருந்தைத் தாண்டினால் 2015-இல் வந்த அடுத்த பகுதி ‘ஹெவன்ஸ்வர்ட்’. ஆயிரம் வருஷமாக டிராகன்களோடு போரிடும் ஒரு பனி நாடு. போரை முதலில் தொடங்கியது யார் என்ற கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவீர்கள். 2019-இன் ‘ஷேடோபிரிங்கர்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். கதையெழுதியவர்களில் முதன்மையானவர் நட்சுகோ இஷிகாவா. இருட்டு கெட்டது, ஒளி நல்லது என்று எல்லாக் கேமும் சொல்லிக்கொண்டிருக்கையில், இதில் ஒளி உலகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. இரவு என்பதே அந்த ஊரில் பலருக்குத் தெரியாது. உங்கள் முதல் பெரிய சாதனை, வானத்தில் இரவைத் திருப்பிக் கொண்டுவருவது. தெருவில் நிற்பவர்கள் நட்சத்திரம் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். எமெட்-செல்க் என்ற வில்லன் கொட்டாவி விட்டபடி வந்து நிற்கிறான். போகப்போக அவன் பக்கத்து நியாயம் நம்மைத் தொந்தரவு செய்யும்.

இந்தக் கேமின் இசையமைப்பாளர் மசயோஷி சோகென் 2020-இல் புற்றுநோய் சிகிச்சையில் இருந்தபடியே வேலை பார்த்தார் என்பது அடுத்த வருஷம் ரசிகர் விழாவில்தான் வெளியே தெரிந்தது. அவர் மேடையில் சொன்னபோது யோஷிதா அழுதார். இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

ஜப்பானில் இந்தக் கேமை வைத்து 2017-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது: ‘டாட் ஆஃப் லைட்’. வேலையை விட்டுவிட்டு வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு மகன் இந்தக் கேமைப் பழக்கிவிட்டு, தான் யாரென்று சொல்லாமல் உள்ளே பெண் வேடத்தில் போய் அவரோடு சிநேகமாகிறான். சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தால் வாய் திறக்காத மனிதர், டிராகனுக்கு முன்னால் மகனிடம் மனம் விட்டுப் பேசுகிறார். நிஜமாக நடந்ததை ஒட்டி எடுத்தது. அப்பாவிடம் பேசத் தெரியாத தேசங்களின் பட்டியலில் நாமும் உண்டு என்பதால் பார்க்கலாம்.

2021 டிசம்பரில் ‘எண்ட்வாக்கர்’ பகுதி வந்தபோது சரித்திரம் தலைகீழாகத் திரும்பியது. உள்ளே போக ஆயிரக்கணக்கானோர் வரிசை. வரிசையில் நின்றவர்களைப் பிழை எண் 2002 பிடித்து வெளியே தள்ளியது. புது சர்வர் வாங்கலாம் என்றால் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு. யோஷிதா மன்னிப்புக் கேட்டு, இலவச நாட்களைக் கொடுத்து, கடைசியில் விற்பனையையே நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் கடைசி வாரம் வரை கடை திறக்கவில்லை. இதே யோஷிதாதான், கதை முடிந்ததா, சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் விளையாடுங்கள், புதுசு வரும்போது வாருங்கள் என்று வாய் கூசாமல் சொல்லிவருகிறவர். வாரத்தில் எட்டு மணி நேரம் போதும் என்று விரட்டிய பழைய ராஜ்யத்தின் கொள்கையை இவர் மரியாதையான முறையில் கடைப்பிடிக்கிறார் என்றும் சொல்லலாம்.

நடைமுறை விஷயம். தமிழ் கிடையாது, ஆங்கிலம், ஜப்பானிய மொழி, பிரெஞ்சு, ஜெர்மன் நான்குதான். இந்தியாவில் சர்வரும் கிடையாது. ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதி என்று இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதம் இருக்கும், கதைக்கு அதனால் குறைவில்லை. சண்டையில் நெருப்பு வட்டத்திலிருந்து ஒரு நொடி முன்னாலேயே நகரப் பழகிக்கொள்ளுங்கள்.

பணம் உடனே கட்ட வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து இலவசச் சோதனைப் பதிப்பிலேயே 70-ஆம் லெவல் வரை விளையாடலாம். ‘ரியல்ம் ரீபார்ன்’, ‘ஹெவன்ஸ்வர்ட்’, அதற்கு அடுத்து வந்த ‘ஸ்டார்ம்பிளட்’ மூன்றும் அதில் அடக்கம். நாள் கெடு கிடையாது. சந்தையில் வாங்க விற்க முடியாது, கையிருப்புப் பணம் மூன்று லட்சம் கில்லுக்கு மேல் ஏறாது, கதைக்கு இரண்டும் தேவையில்லை. ஆனால் ஒரு தடவை காசு கொடுத்து முழுப் பதிப்புக்கு மாறிவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி இலவசத்துக்குத் திரும்பாது. ஆகவே ‘ஸ்டார்ம்பிளட்’ கதை முடியும்வரை வாங்கும் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.